வாத்துச் செருப்பின் நிறம்

கம்பத்துக்காரனுக்குக் கடல் தேவைப்பட்டதே இல்லை. மேற்கே மலை, கிழக்கே மலை. பெரியாறு தன் பாட்டுக்கு அரபிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதையும் 1895இல் பென்னிகுவிக் அணை கட்டி, மலையைக் குடைந்து, எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரே மனம் மாறி வந்து குடியிருக்கும் ஊரில் பிறந்துவிட்டு, நான் கடலுக்கு அடியில் போகப் போகிறேன் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

மச்சினன்தான் கிளப்பிவிட்டான். "மாமா, மார்கழியில அந்தமான் போறோம். ஹேவ்லாக்ல ஸ்கூபா. நீச்சல் தெரியாதவனெல்லாம் எறங்குறான், கெணத்துலயே கெடந்த ஆளு நீங்க யோசிக்கலாமா?"

உடுப்பும் சிலிண்டரும் அங்கேயே கொடுத்துவிடுவார்களாம். முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க்கும், காலில் மாட்டுகிற ஃபின்ஸும் மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டால் நல்லது என்றான். போனில் படத்தைப் பார்த்த அம்மா, "என்னய்யா இது, வாத்துச் செருப்பு?" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

வாத்துச் செருப்பு ஐந்து நிறத்தில் இருந்தது. சனி பிடித்தது அங்கேதான்.

முதலில் கறுப்பைத் தொட்டேன். வாடகை உடுப்பும் கறுப்பு என்பதால் பொருத்தமாக இருக்கும் என்பது என் கணக்கு. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் குமுளி ரோடே சபரிமலைக்குப் போகும் கறுப்பு வேட்டிதான். "ஏங்க, போட்டோவப் பாத்தா மாலை போட்டுட்டு ஊர் சுத்துறீங்கன்னு நெனப்பாக. அதுலயும் கால்ல செருப்பு வேற" என்றாள். கறுப்பு போயிற்று.

மஞ்சளை அம்மா தடுத்தாள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் கட்டுகிற நிறத்தைக் காலில் மாட்டலாமா என்பது அவள் கேள்வி. மச்சினனுக்கு வேறு பயம்: மஞ்சள் என்றால் சுறாவுக்கு எச்சில் ஊறுமாம், வெளிநாட்டில் முக்குளிப்பவர்கள் மத்தியில் பழைய பேச்சு இது. உண்மையில் 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 17 வகைச் சுறாக்களின் கண்ணைச் சோதித்து, அவற்றுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது போலிருக்கிறது என்றார்கள். அவை பார்ப்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். எதிர்வீட்டு அத்தை அப்படியில்லை. சம்பந்தி வீட்டார் எடுத்த சேலை கத்திரிப்பூவா ஊதாவா என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவாள். என் பயமெல்லாம் அத்தையிடம்தான்.

பச்சை வாங்கச் சொன்னவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பெரியப்பா. "பச்ச நின்னாத்தாம்ப்பா வெல நிக்கும்." காய் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் ஏலத்தில் விலை இறங்குவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர், மனிதர்களையும் அப்படித்தான் தரம் பிரிப்பார். ஆனால் பச்சைக் கடலில் பச்சைச் செருப்பு, நீலக் கடலில் நீலச் செருப்பு இரண்டும் ஒன்றுதான். காசைக் கொடுத்துக் காணாமல் போவது.

ஆக, யாரையும் கேட்காமல் சிவப்பை வாங்கினேன். சும்மா சிவப்பில்லை, மிளகாய்ப்பழச் சிவப்பு. பவளப்பாறை, நீலத் தண்ணீர், நடுவே என் இரண்டு கால்களும் தகதகவென்று: படம் மனதில் முன்பே பிரேம் போட்டு மாட்டியாகிவிட்டது.

ஹேவ்லாக்கில் எங்களை இறக்கியவன் போர்ட் பிளேயரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். முதல்முறை வருகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். என் செருப்பைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அப்போது காரணம் புரியவில்லை.

ஐந்தாறு மீட்டர் இறங்கியதும் குனிந்து பார்த்தேன். மிளகாய்ப்பழத்தைக் காணோம், பழைய புளி நிறத்தில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. பத்து மீட்டரில் அதுவும் போய், அடுப்புச் சாம்பலும் கரியும் கலந்த நிறம். செருப்பு மாறிவிட்டதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். பையன் டார்ச்சை எடுத்து என் காலில் அடித்தான். குப்பென்று சிவப்பு! அணைத்தான், சாம்பல். தண்ணீர் வெளிச்சத்தைத் தின்னும்போது சிவப்பைத்தான் முதலில் தின்கிறது. பிறகு ஆரஞ்சு, மஞ்சள் என்று வரிசையாகப் போய், கடைசியில் மிஞ்சுவது நீலம். ஜாக் கூஸ்தோவின் கூட்டாளி துய்மா ஆழத்தில் ஒரு மீனைக் குத்தியபோது பச்சை ரத்தம் வந்ததாம். மேலே வர வரத்தான் அது சிவந்திருக்கிறது.

மிஞ்சுகிற அந்த நீலம் இன்னொருவரையும் யோசிக்க வைத்தது. நம்ம ஊர் சி.வி. ராமன் 1921இல் நார்குண்டா கப்பலில் திரும்பி வரும்போது, சட்டைப்பையில் ஒரு நிக்கோல் பட்டகத்தை வைத்திருந்தார். வானத்தின் பிரதிபலிப்பை அதை வைத்து மறைத்துவிட்டுப் பார்த்தால், கடல் முன்னைவிட நீலமாக இருந்தது. நான் கப்பலில் போகும்போது முறுக்கு வைத்திருந்தேன்.

மேலே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பையன் இடுப்பிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் காற்றை ஊதினான். ஆள் உயரத்துக்கு ஓர் ஆரஞ்சுக் குழாய் விறுவிறுவென்று மேலே போய் நின்றது. நாங்கள் தலையைத் தூக்கியபோது படகு எங்களை நோக்கித் திரும்பியிருந்தது. "செருப்பு எந்தக் கலரா இருந்தா என்னண்ணே, படகுக்காரன் பாக்குறது இதைத்தான்" என்றான்.

எனக்கு மஞ்சள் கேன் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்துக் கிணறு பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும். ஒரு முழம் உள்ளே போனால் என்னைப் போன்ற நிறத்துக்காரன் இருப்பதே தெரியாது. நீச்சல் பழக அப்பா என் முதுகில் காலி ஆயில் கேனைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, மோட்டார் ரூம் திண்டில் உட்கார்ந்துகொள்வார். கலங்கிய தண்ணீரில் மஞ்சள் நன்றாகத் தெரியும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தாரோ. "கேனு தெரியுதா, பய இருக்கான்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேச்சைத் தொடர்வார்.

ஊர் திரும்பியதும் போட்டோக்களை எல்லாரும் பார்த்தார்கள். போயிருந்த எட்டுப் பேரும் நீலமாக இருந்தோம், சாம்பல் கால்களோடு. "இதுல எங்கய்யா இருக்க?" என்றாள் அம்மா. நான் காட்டியது மச்சினனை. அது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பேச்சை மாற்ற, அந்த மஞ்சள் கேன் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கொல்லையில இருக்கு. வாயை அறுத்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புல நீலம் கலக்கி வச்சுருக்கேன். கையவிட்டுறாத."