கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கும் சில்லு

சர்வரை அணைத்தாலும் அது அணையாது. விண்டோஸையோ லினக்ஸையோ நிறுத்திவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். மின் இணைப்பு இருக்கும் வரை மதர்போர்டின் மூலையில் அந்தச் சில்லு விழித்தே இருக்கும். அதற்கென்று தனி புராசசர், தனி மெமரி, பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட். ஹெச்பி சர்வரில் அதற்கு ஐலோ என்று பெயர், டெல்லில் ஐடிராக். பொதுவாக பிஎம்சி என்பார்கள். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் நடுராத்திரி சர்வர் நின்றுபோனால், திண்டுக்கல் டவுனில் இருக்கும் ஐடி ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு கரூர் ரோட்டில் ஓட வேண்டியதில்லை. சர்வரின் திரையை வீட்டிலிருந்தே பார்க்கலாம், அணைத்து எழுப்பலாம், ஆபரேட்டிங் சிஸ்டத்தையே புதிதாக ஏற்றலாம். மில்லின் ஷிப்ட் வருகைப்பதிவு, சம்பளக் கணக்கு, பஞ்சுக் கொள்முதல் எல்லாம் அந்த ஒரு பெட்டியில் இருக்கும்போது இது சின்ன உதவி இல்லை. இப்படி உறங்காமல் உழைக்கும் ஒன்றைப் புகழத்தான் வேண்டும்.

முதலில் அதன் எளிமை. கேபிளைச் செருகினால் பெரும்பாலும் டிஹெச்சிபி வழியாகத் தானே ஒரு முகவரி வாங்கிக்கொள்ளும். டெல் ஐடிராக்குக்கு 192.168.0.120 என்ற முகவரி பிறவியிலேயே உண்டு. பல ஆண்டுகள் அதன் பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் கால்வின். சூப்பர்மைக்ரோவில் இரண்டுமே அட்மின் என்றுதான் இருந்தன. ஐபிஎம் கொஞ்சம் கூடுதலாக யோசித்து, பாஸ்வேர்டு என்ற ஆங்கிலச் சொல்லையே கடவுச்சொல்லாக வைத்து, அதில் ஓ எழுத்துக்குப் பதில் சுழியம் போட்டது. சென்னையில் வாங்கினாலும் சிகாகோவில் வாங்கினாலும் அதே சாவிதான், மறந்துபோகுமோ என்ற கவலையே இருக்கவில்லை. சர்வர் அறைக் கதவில் தொங்கும் திண்டுக்கல் பூட்டுக்கு அந்த வசதி கிடையாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டைக் கையால் அராவிச் செய்கிறவர், பக்கத்துப் பூட்டின் சாவி இதற்குச் சேரக் கூடாது என்பதைத் தன் மானமாக நினைக்கிறார். சர்வர் உலகத்தில் பலருக்கு அந்த நினைப்பு வர ஒரு சட்டம் தேவைப்பட்டது. இணையத்தோடு சேரும் கருவிகளுக்குப் பொதுக் கடவுச்சொல் கூடாது என்று கலிஃபோர்னியா இயற்றிய சட்டம் 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதையொட்டித்தான் சூப்பர்மைக்ரோ ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் ஒட்டி அனுப்பத் தொடங்கியது. அதற்கு முன் வாங்கியவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து அதன் கொடைக் குணம். நம் மாவட்டத்துப் பழனி மலைக்குச் சொந்தக்காரனான பேகன், குளிரில் நடுங்குகிறதென்று நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். மயில் கேட்கவில்லை, அவன் கொடுத்தான். இந்தச் சில்லின் ஈகையும் அந்த வகைதான். இன்டெல், ஹெச்பி, டெல், என்இசி நான்கும் சேர்ந்து 1998-ல் வெளியிட்ட ஐபிஎம்ஐ என்ற நெறிமுறை இருக்கிறது. 2004-ல் வந்த அதன் 2.0 பதிப்பின்படி, உள்ளே வர விரும்புகிறவர் ஒரு பயனர் பெயரைச் சொன்னால் போதும். அவர் யாரென்று நிரூபிக்கும் முன்பே, அந்தப் பயனரின் கடவுச்சொல்லை வைத்துக் கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீட்டை இது அனுப்பிவிடும். வாங்கிக்கொண்டு போய், ஆற அமர உட்கார்ந்து உடைத்துப் பார்க்கலாம். டான் ஃபார்மர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2013-ல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பிழை நிரலில் இருந்தால் திருத்திவிடலாம். இது நெறிமுறையிலேயே எழுதப்பட்டிருப்பதால், அதன்படி ஒழுங்காக நடக்கும் சில்லுகள் எல்லாமே கொடுக்கின்றன. சைஃபர் சுழியம் என்று இன்னொரு ஏற்பாடும் அதில் உண்டு. அது திறந்திருந்தால், பயனர் பெயர் சரியாக இருந்தால் போதும், கடவுச்சொல் எதுவாக இருந்தாலும் அனுமதி கிடைத்துவிடும்.

அதன் விருந்தோம்பலுக்கு இன்னும் நல்ல சான்று 2017-ல் கிடைத்தது. ஹெச்பியின் ஐலோ 4-க்கு அனுப்பும் கோரிக்கையின் ஒரு வரியில் ஏ என்ற எழுத்தை 29 முறை எழுதினால், கடவுச்சொல் கேட்காமலே கதவு திறந்தது. புதிய நிர்வாகிக் கணக்கையே உள்ளே உருவாக்கிவிட முடிந்தது. ஹெச்பி அதே ஆண்டில் 2.53 என்ற ஃபர்ம்வேரில் அதை அடைத்துவிட்டது. ஆனால் ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டியது நாம். சர்வர் நன்றாக ஓடும்போது அதை யார் தொடுவது என்று விட்டுவிடுகிற பொறுமை நமக்கு உண்டு.

எங்கும் ஒத்துப்போகும் அதன் பண்பையும் சொல்ல வேண்டும். சூப்பர்மைக்ரோ பலகைகள் பலவற்றில், தனி போர்ட்டில் கேபிள் இல்லையென்றால் சில்லு கோபித்துக்கொள்ளாது. சர்வரின் சாதாரண லேன் போர்ட்டுக்கே சத்தமில்லாமல் குடிவந்துவிடும். பிஎம்சியை இணைக்கவே இல்லை என்று ஐடி ஆள் சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான், அவர் இணைக்கவில்லை. அதுவே இணைந்துகொண்டது.

விசுவாசத்திலும் குறைவில்லை. ஹார்டு டிஸ்க்கை முழுக்க அழித்தாலும் சில்லில் இருக்கும் கணக்குகள் அழியாது. பழைய சர்வரை வாங்கி வந்தால் முந்தைய நிர்வாகியின் பெயரையும் அது மறக்காமல் வைத்திருக்கும். 2021 டிசம்பரில் ஈரானின் அம்ன்பர்தாஸ் நிறுவனம் வெளிப்படுத்திய ஐலோபிளீட் என்ற தீநிரல் இந்த விசுவாசத்தில்தான் குடியிருந்தது. ஐலோவின் ஃபர்ம்வேருக்குள் உட்கார்ந்து, சர்வரின் டிஸ்க்குகளைத் துடைத்தது. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முயன்றவர்களுக்குப் புதுப்பித்தாகிவிட்டது என்று காட்டிவிட்டு, புதுப்பிக்காமலே இருந்தது.

கடைசிப் புகழ் நம் ஊர் வேலைத்திறனுக்கு. மில் நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர் எல்லாம் இருக்கும் அதே சுவிட்சில் ஐலோவையும் செருகி, வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு போட்டு, பத்து நிமிடத்தில் வேலையை முடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். முதலாளிக்கும் மகிழ்ச்சி, உடனே வேலை செய்கிறதே. அதே பத்து நிமிடத்தில் உலகத்துக்கும் வேலை செய்கிறது. 2018-ல் ஜங்கிள்செக் என்ற பிணைப்பணத் தீநிரல் இப்படி வெளியே தெரிந்த ஐபிஎம்ஐ வழியாகவே லினக்ஸ் சர்வர்களில் நுழைந்தது. சர்வரை ஒற்றைப் பயனர் நிலையில் எழுப்பி, நிர்வாகி உரிமையை எடுத்துக்கொண்டு, கோப்புகளைப் பூட்டியது. பாதிக்கப்பட்ட ஒருவர், சர்வரோடு பிறவியிலேயே வந்த கடவுச்சொல்லை மாற்றாமலே வைத்திருந்தார். 2025-ல் ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் என்ற பிஎம்சி ஃபர்ம்வேரில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழையும் வழி வெளியானது. ஜூன் மாதம் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா அதை, தாக்குபவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் ஓட்டைகளின் பட்டியலில் சேர்த்தது. பிஎம்சி ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல்முறை.

பறிபோவது மில் முதலாளியின் கோப்பு மட்டும் இல்லை. நைட் ஷிப்ட் முடித்துப் போகிற பெண்ணின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, பிஎஃப் விவரம் எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. சம்பள நாளில் சர்வர் பூட்டப்பட்டால் முதலில் காத்திருக்கப்போவது அவள்தான். நுழைந்தவன் சில்லு வழியாக வந்திருந்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பதிவேட்டில் பெரும்பாலும் தடம்கூட இருக்காது. சைபர் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. எதைத் தெரிவிப்பது?

இதற்குப் பெரிய செலவு கிடையாது. மேனேஜ்மென்ட் போர்ட்டுக்குத் தனி விலேன் போட வேண்டும், இணையத்திலிருந்து நேரே வழி விடாமல் விபிஎன் வழியாக மட்டும் வர வேண்டும். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, தேவையில்லாத இடத்தில் லேன் வழியாக வரும் ஐபிஎம்ஐயை அணைத்துவிட வேண்டும். சில்லு தானாக லேன் போர்ட்டுக்கு மாறுவதை நிறுத்த வேண்டும், ஃபர்ம்வேரை வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். மில்லுக்கு சர்வர் போட்டுக் கொடுக்கும்போது இவ்வளவையும் எழுதி, வேலை முடிந்தது என்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில்லைக் கொடுக்க வேண்டும், பணத்தையும் வாங்க வேண்டும்.