முதல் மாத எக்களிப்பு: கோலா கங்சார் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு முதன்முதலாகக் கூடியது கோலாலம்பூரில், 1966-இல். 1987-இலும் 2015-இலும் மறுபடி அங்கேயே கூடியது. இதற்குள் தமிழறிஞர்கள் தொடாத பொருளே இல்லை என்று சொல்லிவிடலாம். சிலம்பில் சுங்கவரி, குறளில் மேலாண்மை என்ற போக்கில் ‘நோக்கில்’ என்றோ ‘பார்வையில்’ என்றோ முடியும் தலைப்புகள் மலைபோல் குவிந்துவிட்டன. ஆனாலும் ஒரு பொருள் மட்டும் எவர் கையும் படாமல் கிடக்கிறது. இங்கிலாந்து பிரிமியர் லீக் தொடங்கிய முதல் மாதத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட் தடுமாறினால், பேராக் மாநிலம் கோலா கங்சாரில் மாமாக் கடையில் உட்கார்ந்திருக்கும் லிவர்பூல் ரசிகருக்கு ஏற்படும் பூரிப்புதான் அது. இதை இக்கட்டுரை ‘எக்களிப்பு’ எனக் குறிக்கும்.

முன்னாய்வுகள்: இல்லை.

கள அறிமுகம் இல்லாத ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அதையும் முடித்துவிடுவோம். கோலா கங்சார் பேராக் ஆற்றங்கரையில் அமைந்த அரச நகரம். பொற்குவிமாட உபூதியா பள்ளிவாசல் 1917-இல் திறக்கப்பட்டது. மலாய்க் கல்லூரி தொடங்கியது 1905-இல். 1877-இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் எஞ்சிய ஒன்று என்று சொல்லப்படும் மரம் மாவட்ட அலுவலகத்தருகே வேலிக்குள் நிற்கிறது. தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் சாயோங் கூஜாக்களுக்கும் ஊர் பேர்பெற்றது. இவற்றில் எதற்கும் ஆய்வுப் பொருளோடு தொடர்பில்லை. ஆய்வேடுகளின் இரண்டாம் இயலுக்கு அப்படி ஒரு தொடர்பு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நிலம் முடிந்தது. இனிப் பொழுது. பெரும்பொழுது ஆகஸ்டு. சிறுபொழுது யாமமும் வைகறையும். இங்கிலாந்தின் கோடைக்கால நேரத்தைவிட மலேசிய நேரம் 7 மணி நேரம் முந்தியது. அங்கே சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. அங்கே இரவு எட்டு என்றால் இங்கே விடியற்காலை மூன்று. தோட்டத்தில் பெரட்டுக்குப் போகவும் பால்மரம் சீவவும் தாத்தாக்கள் எழுந்திருக்க வேண்டியிருந்ததும் ஏறக்குறைய இதே வேளையில்தான். பேரன் அதே வேளையில் விழித்திருந்து தே தாரிக் குடிக்கிறான். இதில் சமூக முன்னேற்றம் எவ்வளவு என்பதை வேறோர் ஆய்வாளர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கருப்பொருள்கள்: தே தாரிக், ரொட்டி சானாய், பெருந்திரை, கைபேசி.

உரிப்பொருளுக்கு வருமுன், வெள்ளைக்காரன் ஊர் அணிகள் இரண்டுக்காகக் கோலா கங்சார்த் தமிழர் ஏன் முட்டிக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியைக் கடந்தாக வேண்டும். சொந்த அணி இருந்த காலம் உண்டு. பேராக் 2002-இலும் 2003-இலும் தேசிய லீக்கை வென்றது. 2018-இல் திரங்கானுவைப் பெனால்டியில் வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தையும் தூக்கியது. அப்போதெல்லாம் எக்களிக்க ஆளைத் தேடி மான்செஸ்டர்வரை போக வேண்டியிருக்கவில்லை. சிலாங்கூர் பக்கத்திலேயே இருந்தது. 2025-26 பருவத்தின் சூப்பர் லீக் பட்டியலில் பேராக் பெயரே இல்லை. இல்லாத அணி தோற்கவும் முடியாது, ஜெயித்து எதிரியின் வயிற்றெரிச்சலைக் கிளப்பவும் முடியாது. ஊர் வாய் சும்மா இருக்குமா?

இரண்டாவது காரணம் வயது. லிவர்பூல் 1990-இல் லீக்கை வென்ற பிறகு, அடுத்த வெற்றிக்கு 2020 வரை காத்திருந்தது. இடையில் 1993-க்கும் 2013-க்கும் நடுவே யுனைடெட் 13 முறை வாகை சூடியது. இந்த ஆய்வின் முதன்மைத் தகவலாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எண்பதுகளில் லிவர்பூலைப் பிடித்துக்கொண்டவர். அந்த முப்பது ஆண்டும் மற்றவர் எக்களிப்பைக் கேட்டுக்கொண்டு இருந்தவர். எதிரே உட்கார்ந்திருக்கும் லாரி ஓட்டும் தம்பி யுனைடெட்காரர். ஆசிரியர் ஓய்வுபெறும்வரை அவரை ‘சார்’ என்று அழைத்துக்கொண்டே கிண்டலடித்தவர், இன்றும் ‘சார்’ என்றே அழைக்கிறார். ஆக, ஆசிரியர் எக்களிப்பது வெறும் மகிழ்ச்சி அல்ல, நிலுவை வசூல் (மேசை 3, சுவரோரம்). வட்டி எவ்வளவு என்று கேட்டதற்கு, “இன்னும் கணக்கு முடியலை தம்பி” என்றார் (மேற்படி மேசை, இரண்டாம் தே தாரிக்குக்கு முன்).

நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதல் மாத எக்களிப்பு எள்ளலில் அடங்கும் என்று ஆசிரியர் கருதுகிறார். பேதைமை என்பது தம்பியின் கட்சி. அறுபது கடந்தவர் பன்னிரண்டரை மணிக்கு நாற்காலி மேல் ஏறிக் கைதட்டுவதால் இளமையும் ஆகும் என்று தே தாரிக் ஆற்றும் பாய் இடையில் ஒரு கருத்தை வைத்தார் (மேற்படி, ரொட்டி சானாய்க்குக் காத்திருந்த வேளை. கறி வந்ததும் சொன்னவரே இதை மறுத்தார். மறுப்பைப் பக்கத்து மேசைக்காரர் வழிமொழிந்தார். அவர் செல்சி ரசிகர் ஆதலின் அந்த வழிமொழிவு கொள்ளப்படவில்லை). எட்டு மெய்ப்பாடுகளில் உவகைதானே இதற்குப் பொருந்தும் என்று வாசகர் கேட்கலாம். கேட்கட்டும்.

இனி நூற்படிகள். எக்களிப்பு மரபின் தலையாய பனுவல் ஒரு ஸ்கிரீன்ஷாட். இதன் பாட வரலாறு, எந்தச் சங்க நூலின் பாட வரலாற்றுக்கும் குறைந்ததல்ல.

மூலப்படி தோன்றிய நாள் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். 2022 ஆகஸ்டு 7 அன்று யுனைடெட் சொந்த மண்ணான ஓல்ட் டிராஃபர்டில் பிரைட்டனிடம் 1-2 எனத் தோற்றது. 13-ஆம் தேதி பிரென்ட்ஃபோர்டில் 0-4. நான்கு கோல்களும் முதல் 35 நிமிடங்களில் விழுந்தன. முதல் கோலைத் தன் கைக்குள் வந்த பந்தை நழுவவிட்டே கோல்காவலர் டி ஹேயா கொடுத்தார். ஆட்டம் முடிந்தபோது யுனைடெட் இருபதாம் இடத்தில், அதாவது கடைசியில். அப்போது கோலா கங்சாரில் 14-ஆம் தேதி விடியற்காலை இரண்டரை. அட்டவணை அந்த நேரத்தில்தான் படியெடுக்கப்பட்டது.

இன்று அதன் நான்கு படிகள் வழங்கிவருகின்றன. முழுப்படியில் இருபது அணிகளும் உள்ளன. அது அரிது, தம்பியின் கைபேசியில் மட்டும் பாதுகாக்கப்படுகிறது. வால்படியில் கடைசி ஐந்து வரிகள் மட்டும். மூன்றாவதில் ‘ஆட்டங்கள்: 2’ என்ற பத்தி சிதைந்துள்ளது, சிதைத்தது கரையான் அல்ல, கட்டைவிரல். நான்காவதில் நாளும் நேரமும் இல்லை.

வால்படியில் மேற்பகுதி ஏன் இல்லை? ஏடு முறிந்தது என்று ஆசிரியர் தரப்பு சொல்கிறது. முழுப்படியோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. லிவர்பூல் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில், அப்போதுதான் மேல் பிரிவுக்கு ஏறி வந்திருந்த ஃபுல்ஹாமோடு 2-2 எனச் சமன் செய்துவிட்டு, அட்டவணையின் நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அந்த வரி தெரிந்தால் கீழ்வரியின் சுவை குறையும். ஆகவே இது ஏடு முறிந்ததல்ல, பதிப்பாசிரியரின் தலையீடு. தமக்கு ஒவ்வாத அடிகளை ‘இடைச்செருகல்’ என்று ஒதுக்கும் பதிப்பாசிரியர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களாவது அதற்கு அடிக்குறிப்பு எழுதினார்கள்.

நான்காம் படிதான் ஆய்வுலகத்தைப் பெரிதும் அலைக்கழிக்கிறது. நாளில்லாத காரணத்தால் ஆண்டுதோறும் ஆகஸ்டில் அது வாட்ஸ்அப்பில் மறுபிறவி எடுக்கிறது. ஒவ்வொரு முறை அனுப்பப்படும்போதும் எழுத்து மங்குகிறது, சிரிக்கும் முகங்கள் பெருகுகின்றன. காலத்தை நிறுவ அகச்சான்று, புறச்சான்று இரண்டும் தேடப்பட்டன. புறச்சான்றாகக் கிடைத்தது கடையின் பில் ஒன்று (பில்லின் பின்புறம், நீல மைப் பேனா, இடப்பக்கம் கறிக் குழம்பு பட்டு எழுத்துகள் அழிந்துள்ளன. ‘தோ’ என்பது மட்டும் தெளிவு. இதைத் ‘தோல்வி’ என ஒரு சாராரும் ‘தோசை’ என மற்றொரு சாராரும் கொள்வர். முன்புறக் கணக்கில் தோசை இல்லை ஆதலின் தோல்வியே பொருந்தும். தோசை சாப்பிட்டுவிட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கக் கூடும் என்ற கடைக்காரரின் தடை, ஆய்வு நெறிக்கு அப்பாற்பட்டது, ஆயினும் அதன்பேரில் தோசைக்கு உரிய தொகை வசூலிக்கப்பட்டது). ஒரு நூலின் வயதை ஆயிரம் ஆண்டு பின்னே தள்ள ஒரே மேடைப்பேச்சு போதும் என்றிருக்கும் அறிஞர்கள் நம்மிடையே பலர். இந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

எக்களிப்பாளர் எவரும் படியெடுக்காத அட்டவணைகளும் உண்டு. 1992 ஆகஸ்டில் யுனைடெட் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது, ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 1-2, எவர்ட்டனிடம் 0-3. அப்போதும் அட்டவணையின் அடியில்தான் கிடந்தது. 1993 மே மாதம் அதே அணி 26 ஆண்டுக்குப் பிறகு லீக்கை வென்றது. 2022-இலும் அடுத்த ஆட்டமே கதையை மாற்றியது. மலேசியாவில் ஆகஸ்டு 23 விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில் யுனைடெட் 2-1 என்று வென்றது. தோற்ற அணி லிவர்பூல். பருவ முடிவில் யுனைடெட் மூன்றாம் இடம், லிவர்பூல் ஐந்தாம் இடம். இதைச் சொன்னதும் ஆசிரியர் 2023 மார்ச்சு மாதத்து 7-0 ஆட்டத்தை எடுத்து வைத்தார். அது லிவர்பூல் வென்றதுதான். ஆனால் அது முதல் மாதத்தில் நடக்கவில்லை, ஆய்வெல்லைக்குள் வராது. ஆய்வெல்லை வகுப்பதன் பயனே இதுதான்.

2025-இல் மரபு உச்சத்தைத் தொட்டது. முந்தைய பருவத்தை யுனைடெட் 15-ஆம் இடத்தில் முடித்திருந்தது, லிவர்பூல் சாம்பியன். மே 28 அன்று யுனைடெட் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கே வந்து ஆசியான் ஆல்-ஸ்டார்ஸ் அணியிடம் 0-1 எனத் தோற்றது. எக்களிப்புக்கான மூலப்பொருள் வீட்டு வாசலில் வந்து இறங்கிய அரிய நிகழ்வு அது. ஆகஸ்டில் ஆர்சனலிடம் தோல்வி, ஃபுல்ஹாமோடு சமன். பிறகு லீக் கிண்ணத்தில் நான்காம் நிலை அணியான கிரிம்ஸ்பி டவுனிடம் 2-2 முடிந்து, பெனால்டியில் 11-12. இரு தரப்பும் சேர்ந்து 26 முறை உதைத்தார்கள். கடைசியாகக் குறுக்குக் கம்பத்தில் அடித்துத் தோல்வியை உறுதி செய்தவர் பிரையன் எம்பியூமோ.

இந்தப் பெயரை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். 2022-இல் பிரென்ட்ஃபோர்டின் நான்காவது கோலை அடித்து மூலப்படிக்குக் காரணமானவரும் இவரே. அன்று யுனைடெட்டைக் கடைசி இடத்துக்கு அனுப்பியவர், இன்று அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பத்தில் அடிக்கிறார். ஆசிரியர் அவரைத் தம் அணியின் இரகசிய உறுப்பினர் என்றே கருதினார் (மேசை 3, ஆகஸ்டு 28, சுபுஹ் பாங்கு ஒலிக்கும் நேரம், கூறியபோது ஒரு காலில் மட்டும் செருப்பு. மற்றது நாற்காலியிலிருந்து குதித்தபோது கழன்று மேசை 5-இன் அடியில் போய்விட்டது. தேடி எடுத்துக் கொடுத்தவர் தம்பி. “சார், மெதுவா” என்று அவர் சொன்னது அக்கறையா குத்தலா என்பது ஆய்வுக்குரியது).

லிவர்பூல் அந்தப் பருவத்தில் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றது. ஆசிரியர் உச்ச நிலையில் இருந்தார். பிறகு கிரிஸ்டல் பேலஸ், செல்சி என்று இரண்டு தோல்விகள். அக்டோபர் 19, தீபாவளிக்கு முந்திய இரவு. பதினொன்றரைக்கு லிவர்பூலின் கோட்டையான ஆன்ஃபீல்டில் யுனைடெட்டோடு ஆட்டம். இரண்டாம் நிமிடத்திலேயே கோல். அடித்தவர் எம்பியூமோ. 78-இல் காக்போ சமன் செய்தார், 84-இல் மகுவாயர் தலையால் முட்டி 2-1 ஆக்கினார். யுனைடெட் அங்கே வென்று ஒன்பது ஆண்டு கடந்திருந்தது. ஆசிரியர் இரகசிய உறுப்பினரைப் பற்றிய தம் கோட்பாட்டைத் திரும்பப் பெற்றார்.

மறுநாள் தீபாவளி. தம்பி வேட்டி சட்டையோடு, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு, ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் எக்களிக்கலாமா என்பதற்கு மரபில் விதியில்லை. தம்பி காலைத் தொட்டு ஆசி வாங்கினார். நிமிர்ந்து “சார், நேத்து ராத்திரி...” என்று தொடங்கினார். ஆசிரியர் ஒரு முழு நெய்யுருண்டையை அவர் வாயில் திணித்தார். இது வாழ்த்தா வாய்ப்பூட்டா என்பதில் இரு வேறு பாடங்கள் உண்டு. ஆசிரியரின் மனைவி பலகாரத் தட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தும் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார். அடுத்த ஆகஸ்டுவரை களப்பணி தொடரும் என்பதால், தே தாரிக் செலவுக்கு நிதி நல்கை கோரி விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது.