ஜிட்டர் சார்

ஆபீஸுக்கு ஒருவர் இப்படி இருப்பார். மீட்டிங்கில் பேச அவரிடம் விஷயம் ஒன்றும் இருக்காது. ஆனால் லைனில் குரல் கொஞ்சம் கரகரத்தால் போதும், நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். சென்னை ஓ.எம்.ஆரில் எங்கள் ஆபீஸில் அவருக்கு ஜிட்டர் சார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

எந்த வலிக்கும் வாயு என்று சொல்லும் வைத்தியர்போல அவருக்கு எல்லாமே ஜிட்டர். அமெரிக்க கிளையண்ட் இருமினால் ஜிட்டர். கிளையண்ட் பேசாமல் இருந்தால் (அது கோபம் என்று ரூமில் மற்ற எல்லோருக்கும் தெரியும்) லேட்டன்சி. அனுப்பிய பில்லைப் பற்றி அந்தப் பக்கம் மூச்சே விடவில்லை என்றால் பேக்கெட் லாஸ்.

வார்த்தைகள் மேல் குற்றமில்லை. குரலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித்தான் நெட்வொர்க் அனுப்புகிறது. பொட்டலத்துக்குப் பெரும்பாலும் 20 மில்லிசெகண்டு பேச்சு. அது வந்துசேர ஆகும் நேரம் லேட்டன்சி. ஒன்று சீக்கிரம், அடுத்தது தாமதம் என்று தாறுமாறாக வந்தால் ஜிட்டர். வராமலே போனால் லாஸ். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இடறாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. சாருக்கு இந்த எண் மனப்பாடம். மீட்டிங்குக்கு அவர் பத்து நிமிஷம் கழித்துத்தான் வருவார்.

"பேண்ட்வித் பத்தலை, ஏத்தச் சொல்லுங்க" என்பது அவருடைய ஒரே சிகிச்சை. பழைய ஜி.711 முறையில்கூட ஒரு குரலுக்கு 64 கிலோபிட்தான், பொட்டலம் கட்டும் சுமையெல்லாம் சேர்த்தாலும் நூறைத் தாண்டாது சார் என்று ஐ.டி. பையன் சொல்லிப் பார்த்தான்.

"தம்பி, தியரி வேற, ஃபீல்டு வேற."

100 எம்.பி. லைன் 200 ஆனது. கரகரப்பு மாறவில்லை. சார் விரும்பி உட்காரும் மூலைக்கு வைஃபை சரியாக எட்டுவதில்லை என்பதை யார் போய் அவரிடம் சொல்வது?

போன வாரம் டல்லாஸிலிருந்து கிளையண்ட், தன் குரலே தனக்குத் திரும்பி வருகிறது என்றார். சார் துள்ளி எழுந்தார். "எக்கோ உங்க பக்கம்தான் சார், ஹெட்செட்டை மாத்துங்க" என்று இங்கிலீஷில் கட்டளை போட்டார்.

எக்கோவின் வேடிக்கையே இதுதான்: அதைக் கேட்டு அவதிப்படுகிறவர் பக்கம் பெரும்பாலும் தப்பே இருக்காது. அவர் குரல் எதிர்முனை ஸ்பீக்கரில் ஒலித்து, அங்குள்ள மைக்கில் புகுந்து, வந்த வழியே திரும்புகிறது. அதை அழிக்கத்தான் மேஜை நடுவில் இருக்கும் கான்ஃபரன்ஸ் போனுக்குள் எக்கோ கேன்சலர் வைத்திருக்கிறார்கள். தன் ஸ்பீக்கரில் வரும் ஒலியை அது கழித்துவிடும். பக்கத்தில் இன்னொரு ஸ்பீக்கர் அலறினால் அது என்ன செய்யும், பாவம்? சாரோ, எதற்கும் இருக்கட்டும் என்று அதே மீட்டிங்கில் தன் லேப்டாப்பிலும் சேர்ந்து, சவுண்டை முழுக்க ஏற்றி வைத்திருந்தார்.

ஐ.டி. பையன் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்கிற சாக்கில் குனிந்து, அந்த லேப்டாப்பை மெல்ல மூடினான். லைன் பளிச்சென்று ஆகிவிட்டது. கிளையண்ட் நன்றி சொன்னார்.

சார் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "பாத்தீங்களா, ஹெட்செட்டை மாத்திட்டான்."