பெஹாலாவின் சொல்லின் செல்வர்

எங்கள் கட்டடத்து சார் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்து வாயைத் திறந்துவிடாதீர்கள். முடிக்கவில்லை. இடைவெளி விட்டிருக்கிறார்.

பேச்சுக்கலை வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து இப்படித்தான். கேட்பவர் மனத்தில் விஷயம் இறங்க வேண்டுமானால் முக்கியமான வார்த்தைக்கு முன்னால் கொஞ்சம் மௌனம் வேண்டுமாம். மயிலாப்பூர் சபாவில் எடுபடலாம். கொல்கத்தாவின் பெஹாலாவில் சும்மா கிடக்கிற மௌனத்தை எவனாவது விட்டுவைப்பானா? காலி சீட்டைக் கண்ட மாதிரி பாய்ந்து துண்டு போட்டுவிடுவான்.

டயமண்ட் ஹார்பர் ரோட்டில் மினி பஸ். சௌரஸ்தாவில் இறங்க வேண்டும். சார் எழுந்து, கண்டக்டரை நேருக்கு நேர் பார்த்து, "தாதா, நான் இறங்க வேண்டிய இடம்…" என்று ஆரம்பித்தார். மௌனம். கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் டிக்கெட் கேட்கப் போய்விட்டார். "…சௌரஸ்தா!" என்று சார் முடித்தபோது சகேர் பஜார் வந்திருந்தது. 2022 டிசம்பர் கடைசியில் ஜோக்காவுக்கும் தாரதலாவுக்கும் நடுவே மெட்ரோ விட்டார்களே, அதில் பெஹாலாவிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் சாரின் வீட்டு மாமிதான். யாரிடமும் வாய் திறக்காமல் இறங்கிவிடலாம்.

காய்கறிக் கடையிலும் அதே கதை. "இந்தக் கத்திரிக்காய்…" என்று ஆரம்பிப்பார். 'விலை அநியாயம், குறைத்துக் கொடு' என்பது மீதி வாக்கியம். அது வருவதற்குள் இரண்டு கிலோ தராசில் ஏறி, பையில் இறங்கி, காசுக்குக் கையும் நீண்டிருக்கும். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய், ரசவாங்கி, கொத்சு.

மற்ற வித்தைகளும் உண்டு. ஒருவருடைய பெயரைவிட இனிய ஒலி அவர் காதுக்கு வேறில்லை என்று டேல் கார்னகி 1936-இல் எழுதிவைத்தாலும் வைத்தார், வாக்கியத்துக்கு இரண்டு தடவை என் பெயரைச் சொல்கிறார். டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களில் பேச்சாளர் போடும் 'ஆ', 'உம்'களை எண்ணுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. சாருக்கு அந்த உத்தியோகம் பிடித்துப்போய், நான் 'வந்து' என்று சொல்லும்போதெல்லாம் விரலை மடக்குகிறார்.

சரித்திரமும் வரும். பக்கத்துப் பரிஷாவில் இருக்கிறதே, சாபர்ண ராய்சௌத்ரிகளின் ஆட்சாலா மண்டபம், அங்கே 1698 நவம்பர் 10-ஆம் தேதி சுதானுட்டி, கலிகாத்தா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களின் உரிமையை ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1,300 ரூபாய்க்கு எழுதி வாங்கியது. "ஒரு கொல்கத்தாவையே வாங்கியிருக்கிறான்! அவனிடம் இருந்தது என்ன? …பேச்சு!" என்பார் சார். அந்த இடைவெளியில் நான் ஒரு நாள் புகுந்து, "சுபேதார் அசிமுஷ்ஷானுக்குப் பணம் போயிருக்கிறது சார். மேலிடத்து நெருக்குதலில், ராய்சௌத்ரிகள் மனசில்லாமல்தான் கையெழுத்துப் போட்டார்கள்" என்றேன். "நல்ல கருத்து" என்று சொல்லி, என் பெயரை இரண்டு தடவை உச்சரித்தார்.

ஆளை மடக்கிப் பேசுவதென்றால் பூஜை சந்தா கேட்க வரும் பாடா, அதாவது பேட்டை, கிளப் பையன்களிடம் பார்க்க வேண்டும். எந்த வகுப்புக்கும் போனதில்லை. செருப்பை வாசலில் விட்டு, சோபாவில் உட்கார்ந்து, "காக்கு, டீ இருக்கா?" என்பார்கள், அவ்வளவுதான். 501-க்கு மேல் தருவதில்லை என்ற தீர்மானத்தோடு சார் எழுந்து நின்றார். "தம்பிகளா, இந்த வருஷம் நான் தரப்போவது…" கையை உயர்த்தி மௌனம் காத்தார். பையன் ரசீதில் 2,001 என்று எழுதிக் கிழித்தே கொடுத்துவிட்டான்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்துப் பிகாரி காவலாளியிடம் சார் ஏதோ சொல்ல ஆரம்பித்து வழக்கம்போல நிறுத்த, அவன் அந்த இடைவெளியில் பெண்ணின் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட முடியாத கதையைச் சொல்லிவிட்டான். சார் தான் சொல்ல வந்ததை மறந்துவிட்டு முழுக்கக் கேட்டார். மறுநாள் பணம் கட்டினார். இப்போது மூன்றாம் மாடி விதவை மாஷிமா முதல் இஸ்திரிக்காரர் வரை மனக்குறை உள்ளவர்கள் எல்லாரும் சாரைத் தேடித்தான் வருகிறார்கள். இவ்வளவு பேசுகிறவர்கள் இருக்கிற ஊரில் வாயை மூடிக்கொண்டு நிற்க ஓர் ஆளாவது வேண்டாமா?

அதெல்லாம் சரி. தண்ணீர் மோட்டார் சாவி ஏன் அவரிடம் இருக்க வேண்டும்? அவர் சங்கச் செயலாளர், ஒப்புக்கொள்கிறேன். தொட்டி வழிகிறது, மாடிப்படியில் தண்ணீர் இறங்குகிறது, கதவைத் தட்டி "சார், மோட்டாரை நிறுத்துங்க" என்றால், "உங்கள் கவலை எனக்குப் புரிகிறது" என்று ஆரம்பித்து, என் பெயரைச் சொல்லி, கண்ணைப் பார்த்து, நிற்கிறார். நான் என்ன செய்ய? தண்ணீர் என் வீட்டு வாசலைத் தாண்டி செருப்பு ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறது. சாவியை நாலு வீடும் முறை வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். அதை எதிர்த்து சார் பேச எழுந்தார். இடைவெளி விட்டார். அந்த நேரத்தில் மாஷிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாரைப் போல ஒரு நல்ல மனுஷரை இந்தப் பாடாவில் பார்த்ததில்லை என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.