பேரேட்டுக்கு வேர்க்கிறது

முதலில் எந்தத் திருப்பத்தூர் என்று சொல்லிவிடுகிறேன். 2019இல் தனி மாவட்டமாகப் பதவி உயர்வு பெற்றது வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர். நான் இருப்பது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். ஆன்லைனில் நான் வாங்கிய மிக்ஸி ஜார் அந்த ஊரை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, பதினோரு நாள் கழித்துத்தான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. தகவல் விலாசம் மாறிப் போவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தத் தகுதியில்தான் டேட்டா சென்டர்களுக்கான வரிச்சலுகையின் வரலாற்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வரலாறு ராஜாக்கள் காலத்திலிருந்து வருகிறது. அப்போது ஏதய்யா டேட்டா சென்டர் என்பவர்கள் ஏதாவதொரு பழைய கோயில் சுவரைப் போய்ப் பார்க்கலாம். எல்லாத் தகவலும் கல்லில். கரண்ட் வேண்டாம், பேக்கப் வேண்டாம், ஆயிரம் வருஷம் ஆனாலும் அழியாது. படிக்கத்தான் ஆள் கிடைக்காது.

அந்தக் கல்வெட்டுகளில் வரிச் சமாச்சாரத்துக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஏரிப்பட்டி என்று ஒன்று உண்டு. ஏரியைப் பராமரிப்பதற்கென்றே ஒதுக்கிய நிலம். குளம் வெட்டினவருக்கும் கரை கட்டினவருக்கும் கொடுத்த மானியத்துக்குத் தசபந்தம் என்று பெயர். இந்த யோசனை எப்படிப் பிறந்திருக்கும் என்பது என் சொந்தக் கற்பனை:

"மன்னா, கண்மாய் மேடாகிவிட்டது."

"கஜானாவும்தான் காலி."

"அப்படியானால் வெட்டுகிறவனுக்கு வரியில் கழித்துவிடலாம். காசும் கொடுக்க வேண்டாம், தர்மப் பிரபு என்று பேரும் கிடைக்கும்."

உலகத்தின் எல்லா வரிச்சலுகையும் இந்த மூன்று வரியில் அடங்கிவிடுகிறது. ஆனால் அதில் ஒரு நல்ல பூட்டு இருந்தது. ஐப்பசி மழையில் கரை நின்றதா, உடைந்ததா என்று ஊரே பார்க்கும். சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு தூர் வாராமல் இருக்க முடியாது.

அடுத்து கம்பெனிக்காரன் வந்தான். 1801 அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்களை இதே திருப்பத்தூரில் தூக்கிலிட்டான். தன் பேச்சைக் கேட்கிறவரைச் சிவகங்கைக்கு ஜமீன்தார் ஆக்கி, 1803இல் பேஷ்குஷ் என்ற கப்பத் தொகையை நிரந்தரமாக நிர்ணயித்துக் கொடுத்தான். அது விசுவாசத்துக்குக் கொடுத்த சலுகை. கண்மாயைத் தூர் வாருகிறவனுக்கும் கணக்கு எழுதுகிறவனுக்கும் அதில் பங்கில்லை. கணக்கு எழுதியவர்கள் அதற்குள் கப்பல் ஏறப் போயிருந்தார்கள்.

அவர்கள்தான் நம் கதாநாயகர்கள். நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து வட்டித்தொழில் நடத்திய இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் வரிசையாக ஆளுக்கொரு மரப்பெட்டி, பெட்டிக்குப் பின்னால் ஒரு பாய், பெட்டிக்குள் பேரேடு. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு விலாசம், அதாவது தனித்தனிக் கடை. கூரை பொது, அடுப்படி பொது, கணக்கு மட்டும் அவரவருக்கு. இன்று சிறுசேரியில் ஒரே கட்டடத்துக்குள் பல கம்பெனிகளின் சர்வர்களை ரேக் ரேக்காக அடுக்கி வாடகை வாங்குகிறார்களே, அதேதான். அதற்குக் கோ-லொகேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பெட்டியடி என்போம். அங்கே வேலை பழகப் போன சிறுவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். மேலாளுக்குக் கோபம் வந்தால் பையன்தான் ரீஸ்டார்ட் ஆக வேண்டும்.

அப்டேட்டும் தவறாமல் நடந்தது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் தமிழ் மாதம் 16ஆம் தேதி எல்லோரும் கூடி நடப்பு வட்டி எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். முருகன் சாட்சி. சிக்னல் இல்லை என்று ஒருவர்கூடத் தப்பித்துக்கொள்ள முடியாது.

வருமான வரிக்கும் இவர்கள் வைத்தியம் கண்டுபிடித்தார்கள். 1922ஆம் வருஷத்துச் சட்டப்படி, வெளிநாட்டில் சம்பாதித்த லாபத்தை, சம்பாதித்த வருஷம் முடிந்து 3 வருஷத்துக்குள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குக் கொண்டுவந்தால்தான் வரி. வட்டிக்குக் கொடுத்தே பழகினவனிடம் போய், 3 வருஷம் பொறுத்தால் வரியில்லை என்று சொன்னால் என்ன செய்வான்? பொறுத்தான். பிற்பாடு சர்க்கார் விழித்துக்கொண்டு அந்த ஓட்டையை அடைத்தது.

வந்த பணம் வீடானது. அந்த வீடுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கனத்த சுவர். கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, கன்னத்தை வைத்தால் மே மாதத்திலும் சில்லென்றிருக்கும். காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். சூடு மேலே ஏறி வெளியேற முற்றம். ஓட்டில் விழும் மழைத்தண்ணீர் முற்றத்துக்கு இறங்கி, குடிக்கப் பிடித்ததுபோக மிச்சம் ஊருணியைப் பார்த்து ஓடும். உள்ளே பெட்டி பெட்டியாகப் பேரேடு, ஐந்தொகை. ஒன்றுக்கும் வேர்க்காது.

சர்வருக்கு 1 யூனிட் மின்சாரம் கொடுக்க மொத்தக் கட்டடமும் சேர்ந்து எத்தனை யூனிட் தின்கிறது என்பதற்கு இந்தத் தொழிலில் பி.யு.இ. என்று ஒரு அளவு உண்டு. 1 வந்தால் மகான். உலகச் சராசரி 1.5ஐ ஒட்டி நிற்கிறது. விசிறி வீசிய பையன் சாப்பிட்ட சோற்றைக் கணக்கில் சேர்த்தாலும் எங்கள் செட்டிநாட்டு வீடு 1.1ஐத் தாண்டியிருக்காது என்பது என் துணிவு.

அப்புறம் சிஸ்டம் படுத்துவிட்டது. 1930களில் நெல் விலை சரிந்து கடன் திரும்பவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938இல் அது 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கியதல்ல, வராத கடனுக்கு வந்து சேர்ந்த வயல். 1942இல் ஜப்பான்காரன் வந்தான், பிறகு நிலம் தேசியமயமானது. பேரேடு மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது, முழு பேக்கப்போடு. பர்மாத் தேக்குத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நின்று விலை பேசிக்கொண்டிருக்கின்றன.

பச்சை வரிச்சலுகை என்ற ஐட்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதாக வந்தது 1990களில். முப்பந்தலில் காற்றாலை போட்டால் முதல் வருஷத்திலேயே 100 சதவீதம் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம். ஆணி முறுக்கி முடிப்பதற்குள் புத்தம்புது மெஷின் கணக்குப் புத்தகத்தில் தேய்ந்து தீர்ந்துவிடும்! காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதைவிட மார்ச் 31 எந்தக் கிழமை என்பதே முக்கியமாக இருந்த காலம். 2009இல்தான் சர்க்காருக்கு உறைத்து, ஓடி மின்சாரம் கொடுத்தால் யூனிட்டுக்கு 50 பைசா என்று இன்னொரு வழியும் திறந்தார்கள். ஏரிப்பட்டிக் கணக்குக்குத் திரும்பி வர அத்தனை நூற்றாண்டு! தேய்மானமும் 80 ஆகி, 2012இல் போய், 2014இல் திரும்பி, 2017இல் 40க்கு வந்து நின்றது. தேய்மானமே தேய்ந்த கதை.

இப்போது டேட்டா சென்டரின் முறை. 2021இல் தமிழ்நாடு அரசு தரவு மையக் கொள்கை கொண்டுவந்தது. 5 வருஷத்துக்கு மின்சார வரிக்கு முழு மானியம். 2022 பட்ஜெட்டில் மத்திய அரசு உள்கட்டமைப்பு அந்தஸ்து கொடுத்தது. 5 மெகாவாட் இருந்தால் நீங்கள் நெடுஞ்சாலைக்குச் சமம். 2026 பட்ஜெட்டிலோ, இந்தியாவிலிருந்து உலகத்துக்கு கிளவுட் சேவை தரும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு 2047 வரை வரி விடுமுறை. கல்வெட்டாக இருந்தால் சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதியிருப்பார்கள். இந்த மட்டும் தேதி போட்டார்களே.

எங்கள் ஊரில் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி இருப்பதால் சுவீடன் விவகாரம் எங்களுக்குக் கொஞ்சம் சொந்தம். அவர்கள் 2017இல் டேட்டா சென்டருக்கு மின்சார வரியைக் கிட்டத்தட்ட முழுசாகவே குறைத்தார்கள். லூலியோ என்ற ஊரில் ஜன்னலைத் திறந்தால் ஏசி, அந்தக் குளிரை நம்பி ஃபேஸ்புக் 2013லேயே அங்கே போய்விட்டது. 2023 ஜூலையில் சலுகையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூர் இன்னும் கறார். மொத்த மின்சாரத்தில் 7 சதவீதத்தை டேட்டா சென்டர்களே தின்றதால் 2019இல் புதியவற்றுக்குக் கதவைச் சாத்தியது. 2022இல் திறந்தபோது, பி.யு.இ. 1.3க்குள் இருந்தால் வா என்றது. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளைப் பார்த்த ஊர் அல்லவா, ஒரு பாயில் எத்தனை பேர் படுக்கலாம் என்று அதற்குத் தெரியும்.

இதையெல்லாம் எதிர்வீட்டு ஆச்சியிடம் ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். எண்பது தாண்டியவர். கடைசிவரை கேட்டுவிட்டு, "தண்ணி எவ்வளவு குடிக்கும்?" என்றார்.

தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைக்கும் முறையில் யூனிட்டுக்குச் சுமார் 1.8 லிட்டர் என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. 5 மெகாவாட் முழுசாக ஓடினால் ஒரு நாளைக்கு 2,16,000 லிட்டர். ஆச்சிக்கு லிட்டர் புரியாது என்று நினைத்துக் குடத்துக்கு 15 லிட்டர் வீதம் வகுத்து, 14,400 குடம் என்றேன். "தண்ணி வேணாம்னா காத்துலயே குளுர வச்சுக்கலாம் ஆச்சி, கரண்டு கூட ஆகும்."

ஆச்சி வெற்றிலையை மடித்தபடி ஊருணிப் பக்கம் பார்த்தார். மேற்குக் கரையில் கருவேலம் காடாக மண்டிக் கிடந்தது.

"அது எந்தத் திருப்பத்தூருக்கு வருதாம்?"

"எந்தத் திருப்பத்தூருக்கும் வரல ஆச்சி. சும்மா கணக்குத்தான்."

"வந்தா அந்த விலாசத்தையே எழுதிக் குடுத்துடு தம்பி."