எட்டில் நாலு தூக்கம்

கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் 2014 மாடலுக்கு 6.2 லிட்டர் எஞ்சின், எட்டு சிலிண்டர். நெடுஞ்சாலையில் ஈக்கோ மோடில் காலை லேசாக வைத்துப் போனால், நாலு சிலிண்டர் வால்வை மூடிக்கொண்டு தூங்கிவிடும். பெட்ரோல் மிச்சமாம். மிதித்தால் எட்டும் எழுந்துவிடும்; வாங்கியவர் மிதிக்கத்தானே வாங்கினார்?

இதைவிட ரசமானது கியர். 1989-லேயே மேனுவல் கார்வெட்டில் இது உண்டு: மெதுவாகப் போகும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினால், குச்சி நேராக நான்காவதில் போய் உட்காரும். அமெரிக்க அரசின் மைலேஜ் சோதனையில் மார்க் வாங்கத்தான் இந்த டபுள் ப்ரமோஷன். (ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்கு, ட்ரிபிள் என்றே சொல்லலாம்.) வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக, இதை முடக்கும் சின்ன பிளக் ஒன்றை வாங்கி மாட்டினார்கள். பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை எடைக்குப் போடுவதில்லையா, அப்படி.