விழாத அருவியும் விழும் மனிதரும்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், 53 அடி உயரத்திலிருந்து விழும் மின்னஹாஹா என்னும் அருவி, ஜனவரி மாதத்துக் கடுங்குளிரில் விழுவதையே விட்டுவிட்டு நீலப் பனிக்கட்டியாகத் தொங்கும் சமயம் பார்த்து, அதைத் தரிசிப்பதற்கென்றே தம்பதிகள் நாய்கள் சகிதமாகப் புறப்படுவது அவ்வூர் வழக்கம். ஜலம் விழாத நீர்வீழ்ச்சியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவன் ரசனையற்றவன்.

புறப்பாட்டுக்கு முன் நாய்க்குக் காலணி பூட்டும் வைபவம் ஒன்று உண்டு. பாதையில் தூவிய உப்பு பாதத்தைப் புண்ணாக்காமலும், விரலிடுக்கில் பனி திரண்டு உருளாமலும் காக்கும் அந்த ரப்பர் உறைகளில் நான்காவதை மனைவி மாட்டி முடிப்பதற்குள், முதலாவதை நாய் உதறிவிடுகிறது. அதைத் தேடிக் கணவர் குனிகையில், வழுக்காதிருக்கத் தம் பூட்ஸில் பொருத்திய இரும்பு முட்களுக்கும் பரீட்சை நடந்தேறிவிடுகிறது. பரீட்சையின் முடிவை நாய் மட்டும் வாலாட்டி வரவேற்கிறது. மனைவியோ, நாய்க்கு அடிபடவில்லையே என்று விசாரிக்கிறார்.

1855-இல் வெளிவந்த தம் காவியத்தால் இவ்வருவியை உலகப் பிரசித்தமாக்கிய கவிஞர் லாங்ஃபெல்லோ, இந்த ஸ்தலத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. மகாகவிகளின் தீர்க்கதரிசனம் என்பது இதுதான் போலும்! அவர் வந்திருந்தால், அதுவும் ஜனவரியில் வந்திருந்தால், காவியம் எழுத விரல்கள் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.